நீங்க குடியிருப்பீகளா?

நான்கு வரி போதும் என்று கமிட்டியில் சொன்னார்கள். கறுப்பு கிரானைட், இரண்டடிக்கு ஒன்றரை அடி, தங்க எழுத்து. மேலே சிலுவை, கீழே அவள் பெயர், நடுவில் அவள் செய்த தொண்டைப் பற்றி நான்கு வரி. சபையார் அடுத்துக் கட்டப்போகும் வீட்டின் வாசலில் அதைப் பதிக்க வேண்டுமாம்.

சங்கரன்கோவிலில் இருபத்தெட்டு வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஆடித்தபசு வரவேற்பு நோட்டீஸ், எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் வாசகம் நான்தான். வாழ்நாளில் ஒருவருக்கும் நல்லது செய்யாத ஆளைப் ‘பண்பின் சிகரமே’ என்று எழுத எனக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. அவளுக்கு மட்டும் ஒரு வாரமாகியும் ஒரு வரி எழுதவில்லை. துக்கத்தில் எழுத வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள். எழுத மாட்டேன் என்பதுதான் நிஜம்.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ‘அவர்’ என்று எழுதினால் அவளுக்கே சிரிப்பு வரும் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, சட்டைப் பையில் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்று. அந்தக் குண்டின் கனத்தில் சட்டை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். இருபது வருஷம் சித்தாளாகச் செங்கல் எடுத்துக் கொடுத்தவள், பார்த்துப் பார்த்தே சுவர் வைக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் ஊரில் எந்த மேஸ்திரியும் ஒரு பொம்பளை கையில் கரணையைக் கொடுத்துக் கொத்தனார் என்று கூப்பிடத் தயாராயில்லை. அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டதில்லை. “அவனுவ கூப்பிடாட்டா போறானுவ. நான் வச்ச செவரு விழுந்திருக்கான்னு கேளு” என்பாள்.

வீடு கட்டுகிற வேலை எங்கள் சபைக்கு வந்தது ஒரு ஐப்பசி மழையில். சபையில் ஒரு குடும்பத்தின் மண்சுவர் விழுந்து, நல்லவேளையாக ஆட்டுக்குட்டி ஒன்றோடு போயிற்று. கோயில் என்றால் இந்த ஊரில் ஒன்றுதான், அதனால் எங்களுடையதை நாங்கள் சர்ச் என்போம். போதகரை மட்டும் ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுக் குழம்புவார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஐயர் பிரசங்கத்தின் முடிவில், “வருகிற சனிக்கிழமை வேலை தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாருங்கள், நம் கையாலேயே ஒரு வீடு கட்டிக் கொடுப்போம்” என்றார். வேலை தெரியாதவர்கள் முப்பது பேர் போனோம். தெரிந்தவள் அவள் ஒருத்திதான் வந்திருந்தாள்.

வங்கிக்காரர் ஒருவர், வாத்தியார்கள் இரண்டு பேர், ஒரு நர்ஸ், தறிக்குடோன் வைத்திருக்கும் ஒரு தம்பதி, நான். எல்லோரும் பழைய துணி உடுத்திக்கொண்டு, பிக்னிக் போகிற முகத்தோடு நின்றோம். சபையிலேயே ஒரு இன்ஜினியர் இனாமாக பிளான் போட்டுத் தந்திருந்தார். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டாயிற்று. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மண்வெட்டியைத் தூக்கினோம். அக்கா தலைத்துண்டை உதறி அந்தக் கோட்டுக்குள் விரித்து, மல்லாக்கப் படுத்தாள்.

மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்து நர்ஸ் ஓடினாள். அக்கா கையை நீட்டிப் பார்த்தாள், காலை நீட்டிப் பார்த்தாள், புரண்டு பார்த்தாள். பிறகு அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். புருஷன், பெண்டாட்டி, மாமியார், மூன்று பிள்ளைகள்.

“எல்லாரும் இதுக்குள்ள படுங்க. ராத்திரி படுக்க மாதிரி படுக்கணும், போட்டாவுக்குப் படுக்க மாதிரி இல்ல.”

அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே படுத்தார்கள். கடைசிப் பிள்ளையின் தலை போய் அடுப்புக்கென்று குறித்திருந்த கட்டத்துக்குள் கிடந்தது. அக்கா எழுந்து இன்ஜினியரைப் பார்த்தாள்.

“சார், சோறு பொங்கும்போது இந்தப் பிள்ளை தலையை எங்கன வைக்கும்?”

“லோ காஸ்ட் வீடுன்னா இப்படித்தாம்மா இருக்கும். கவர்மெண்டு அளவே இவ்வளவுதான்.”

“வீடு லோ காஸ்ட்டுன்னா ஆளுமா லோ காஸ்ட்டு? அவனுக்கும் கால் ஒங்க கால் நீளந்தான சார்? கக்கூஸ் எங்க?”

“பின்னால காடு கெடக்கே.”

“நீங்க குடியிருப்பீகளா?”

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குக் கோபம் வந்த மாதிரியே இல்லை. பதில் வருகிற வரைக்கும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. யாரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. கடைசியில் இன்ஜினியரே குனிந்து, கோட்டை ஒன்றரை அடி தள்ளிப் போட்டார். பின்பக்கம் கக்கூஸுக்கும் ஒரு கட்டம் போட்டார்.

அதிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் அக்கா படுப்பாள். இரண்டாவது வீட்டுக்கு அடிக்கல் வைக்க வந்த ஐயரையே படுக்கவைத்தாள். “ஜெபம் படுத்துக்கிட்டும் பண்ணலாம்லா ஐயா?” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே படுத்தவர், கொஞ்ச நேரம் கண்ணை மூடிவிட்டு, “காற்றெல்லாம் மேற்கேயிருந்து வருகிறது. ஜன்னலைக் கிழக்கே வைத்திருக்கிறோமே” என்றார். ஜன்னல் மேற்கே போனது. ஆனி, ஆடியில் அந்த வீட்டில் விளக்கு ஏற்ற முடியாத அளவுக்குக் காற்று என்று இன்றைக்கும் அந்த வீட்டுக்காரி பெருமையாகக் குறை சொல்வாள்.

எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும் என்று எழுதினால் அது அஞ்சலி நோட்டீஸ் ஆகிவிடும். பிடிக்காதவர்கள்தான் அதிகம். எனக்கே பிடிக்காமல் இருந்தது. மூன்றாவது வீட்டில் நான் தனியாக, யார் உதவியும் இல்லாமல், ஐந்து வரிசை செங்கல் வைத்தேன். மனைவிக்குப் போட்டோகூட அனுப்பிவிட்டேன். அக்கா வந்து சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலால் ஒரு உதை. ஐந்து வரிசையும் சரிந்தன.

“கொஞ்சம்தானே அக்கா சாய்ஞ்சிருந்தது. பூசும்போது சரிபண்ணியிருக்கலாம்லா” என்றேன். முப்பது பேர் பார்க்க அழுகை வராத குறை.

“ஓசில கட்டுத வீடுன்னா கோணலாக் கட்டலாமோ?”

ரோஷத்தில் இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. மூன்றாவது வாரம் அவளே அச்சகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மேஜைமேல் கிடந்த இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்று யாரோ பணக்கார வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று நான் காணிக்கையாக அடித்துக் கொடுத்திருந்த சர்ச் நோட்டீஸ். இரண்டையும் விரலால் தடவினாள்.

“அவுகளுக்கு வழவழன்னு தாளு. கர்த்தருக்குன்னா சாணித்தாளு. மையும் பாதி எழுத்துல காணோம். நீ செவரு வச்சதும் இப்படித்தான் தம்பி. சனிக்கெழம வா.”

போனேன். அந்த வருஷத்திலிருந்து சர்ச் நோட்டீஸை நல்ல தாளில் அடிக்கிறேன். அதற்காக அவள் என்னைப் பாராட்டியதும் கிடையாது.

இனி அந்தக் கல்லின் கதைக்கு வருகிறேன்.

நான்காவது வீடு ஒரு விதவையுடையது. தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவள் பள்ளிக்கூடம். அவர்கள் பெயரில் பட்டா உள்ள ஒன்றரை சென்ட் நிலத்தில், ஓட்டை ஓட்டுச் சாய்ப்பு ஒன்று நின்றது. அதைப் பிரித்துவிட்டுத்தான் கட்ட ஆரம்பித்தோம். சிமெண்டும் கம்பியும் நான் தருகிறேன் என்று கமிட்டித் தலைவர் முன்வந்தார். ஊரில் பெரிய சிமெண்டுக் கடை அவருடையது. கெட்ட மனுஷர் இல்லை. அந்த வருஷம்தான் அவர் அம்மா இறந்துபோயிருந்தார்கள். அம்மா பெயரைச் சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அம்மா நினைவாக வீட்டு முகப்பில் ஒரு கல் வைக்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் சர்ச்சில் மின்விசிறி இறக்கையிலிருந்து பெஞ்சு முதுகு வரைக்கும் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஒரு வீட்டுக்குக் கல் வைப்பது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நான்தான் சபைச் செயலாளர், நான்தான் அச்சகக்காரன். வாசகமும் நான்தான் எழுதினேன்.

லிண்டல் வரைக்கும் சுவர் ஏறியிருந்த ஒரு சனிக்கிழமை கல் வந்து இறங்கியது. முகப்புச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அக்கா அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“தம்பி, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நீ வாசி, சத்தமா.”

வாசித்தேன். தலைவருடைய தாயாரின் பெயர், ‘அன்னாரின் நினைவாக’, பிறகு, ‘ஏழை விதவைக் குடும்பத்திற்கு அன்பளிப்பாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட இல்லம்’. வீடு என்று போடாமல் இல்லம் என்று போட்டதில் எனக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

“இப்ப நீ இந்த வீட்டு மூத்த பிள்ளைன்னு வச்சுக்க. வேலை முடிஞ்சு, கூட வேலை பாக்குத பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வார. தெருமொனைல இருந்து நடந்து வந்து, வாசல்ல நின்னு வாசி.”

“என்னக்கா இது நாடகம்?”

“நடந்து வா.”

தெருமுனைக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன். ‘ஏழை’ வந்தபோது என் குரல் தானாக இறங்கிவிட்டது.

“ஏன் மெள்ளச் சொல்லுத?” என்றாள் அக்கா. “கல்லுல மெள்ளமாவா வெட்டியிருக்கு?”

அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. நான் எழுதிய வாசகத்துக்கு நான் கூசியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் அச்சகத்தைத் திறக்கும்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கல், ஒரு சட்டி கலவை, கரணை, அக்கா. “நீதான எழுதின, நீயே தூக்கு” என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். வண்டி தலைவர் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது. மாடிவீடு, வளைவு வைத்த பெரிய கேட். கல்லை கேட் தூணில் சாய்த்துவிட்டு அவள் கலவையைக் கிளறினாள். தலைவர் துண்டோடு வெளியே வந்தார்.

“என்னம்மா இது?”

“ஒங்க அம்மை கல்லு அண்ணாச்சி. எந்தத் தூணுல பதிக்கட்டும், வலதா, எடதா?”

“என் வீட்டுலயா? அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும். தம்பி வாசிச்சுக் காட்டினான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். மருமகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒரே ஒரு வாரம் இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க பேத்திமாரு ரெண்டு பேரும் இதைத் தாண்டிப் பள்ளிக்கொடம் போய்ட்டு வரட்டும். வெருந்தாளி வரட்டும். ஒரு வாரம் கழிச்சும் ஒங்களுக்கு இது சரின்னு பட்டுதுன்னா, நானே எடுத்துட்டுப் போயி அங்கன பதிச்சுத் தாரேன். ஒங்களால குடியிருக்க முடிஞ்சா அவளாலயும் முடியும்.”

“எங்க அம்மை பேரை வச்சு வெளையாடாத” என்றார் தலைவர். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

அக்காவும் கரணையைக் கீழே வைத்தாள். “அவுகளை நான் ஒண்ணும் சொல்லல. எனக்கே கஞ்சி ஊத்தியிருக்காவ. அவுக பேருக்குக் கீழ இருக்கதைத்தான் சொல்லுதேன். அதை மட்டும் எடுத்துருங்க. அம்மை பேரை நானே பூப்போல வச்சுத் தாரேன்.”

அந்த இடத்தில் அவர் சரி என்று சொல்லியிருக்கலாம். பால்காரர் நிற்காமல் போயிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஊர் பார்க்க ஒரு சித்தாளிடம் இறங்கிப்போக அவருக்கு மனசு வரவில்லை.

“கல்லு இல்லைன்னா சிமெண்டும் இல்ல, கம்பியும் இல்ல. போ.”

அக்கா கலவையை வழித்துச் சட்டியில் போட்டாள். கல்லை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் நான் புலம்பினேன். அவள் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வேலை நின்றது. கூரையில்லாத சுவருக்குள் அந்தக் குடும்பம் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. புரட்டாசி முடிந்துகொண்டிருந்தது. மேற்கே தினமும் சாயந்தரம் இருட்டிக்கொண்டு வந்தது. சர்ச்சில் ஜனங்கள் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ‘கல்லு இருந்துட்டுப் போவுது, வீடு கெடைக்குதுல்லா’ என்று வங்கிக்காரர் என்னிடம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் நாங்கள் போனபோது அந்த விதவையே வெடித்துவிட்டாள்.

“ஒங்க வீம்புக்கு எங்க தலையில மழையா? நான் ஏழைதான, விதவைதான? இருக்கதைத்தான எழுதியிருக்காவ? ஒங்களுக்கு என்ன வலிக்கு?”

அக்கா சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சட்டைப் பையிலிருந்த குண்டை எடுத்தாள், திரும்பப் பையில் போட்டாள். பிறகு சொன்னாள், “நீ சொல்லுதது நெசந்தான். வீடு ஒனக்கு, எனக்கில்ல. நீ வேணும்னு ஒரு வார்த்த சொல்லு. நானே போயி அண்ணாச்சி கால்ல விழுந்து கல்லை வாங்கிட்டு வந்து பதிச்சிருதேன்.”

கால்ல விழுவேன் என்று அவள் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தத் தாய் வேணும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மூத்தவள் திரும்பினாள். சடையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். “எனக்கு வேண்டாம். நானும் வேலைக்குப் போறேன், நீயும் நூல் சுத்துத. மழை ரெண்டு மாசந்தாம்மா. கல்லு நான் கெழவியாகிச் செத்த பெறவும் இருக்கும்.”

தாய்க்காரி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். “அப்ப அதுவரைக்கும் எங்கட்டி போய்க் கெடக்க?”

“எங்க வீட்டுல” என்றாள் அக்கா. அன்றைக்கே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் அவளுடைய இரண்டு அறை வீட்டுக்குப் போனார்கள். அக்கா வாசல் நடையில் படுத்துக்கொண்டாள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. விளைந்ததில் முதல் பங்கை சர்ச்சுக்குக் கொண்டுவந்து படைப்பது. நிலம் இல்லாதவர்களும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய், கால் கட்டிய சேவல், ஒரு முட்டைகூட வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுவது வருஷா வருஷம் தலைவர்தான். அவர் குரலுக்கு அது அவ்வளவு பொருந்தும்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின இரண்டு வாரமும் அக்கா வேலைக்குப் போகவில்லை. வாட்ஸப் குரூப்பில் தலைவர் இருந்ததால் ஒவ்வொரு வீடாக நடந்தே போனாள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. “இந்த வருசம் பூசணிக்கா வேண்டாம். ஒரு மூட சிமெண்டு கொண்டாங்க. முடியாதவுக நாலு வீடு சேந்து ஒண்ணு கொண்டாங்க. கல்லு வச்ச வீட்டுல நீங்க குடியிருப்பீகன்னா கொண்டார வேண்டாம்.” முதுகைக் காட்டி நின்றவர்களிடமும் கேட்டாள். முன்னால் போய் நின்று கேட்டாள். என் வீட்டில் என் மனைவி, “இவரு குடியிருக்க மாட்டாரு, நான் கொண்டாரேன்” என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

பண்டிகையன்று காலையில் சர்ச்சுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பலிபீடத்துக்கு முன்னால், வாழைத்தாருக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் சிமெண்டு மூடைகள் நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு மூடையின்மேல் யாரோ பிச்சிப்பூச் சரம் சுற்றியிருந்தார்கள். தறிக்குடோன் தம்பதி கம்பிக்கட்டைத் தூக்கமுடியாமல் நடைபாதையிலேயே கிடத்தியிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வந்தோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் பெரிய சிமெண்டுக் கடை ஒன்றுதான். அந்த வாரம் முழுவதும் கடையில் ஆளுக்கொரு மூடையாகச் சில்லறை வியாபாரம் ஏன் இப்படி நடக்கிறது என்று தலைவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது தன் கடை மூடைகளை அடையாளம் கண்டுகொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்தது. ஏலம் ஆரம்பித்தது. வாழைத்தார் போயிற்று, சேவல் போயிற்று. அடுத்தது மூடை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“சிமெண்டு ஒரு மூட...”

அக்கா எழுந்து வந்தாள். அன்றைக்குச் சட்டை போடாமல் பட்டுக்கரை போட்ட சேலை உடுத்தியிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூடைகள்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“இது ஏலத்துக்கு இல்ல அண்ணாச்சி.”

“வழக்கத்தை மாத்த நீ யாரும்மா? சர்ச்சுக்குப் படைச்சது எல்லாம் ஏலந்தான்.”

“படைச்சாச்சு. அவரு வாங்கிக்கிட்டாரு. அவருக்கு எதுக்கு சிமெண்டு? வீடில்லாதவளுக்குத்தான் குடுப்பாரு.”

எல்லோரும் ஐயரைப் பார்த்தோம். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அமைதியாக, “முடிவுப் பாட்டுப் பாடுவோம், எல்லாரும் எழுந்து நில்லுங்கள்” என்றார். பாட்டு இரண்டாவது சரணம் போகும்போது வங்கிக்காரர் பெஞ்சைவிட்டு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையோடு முதல் மூடையைத் தோளில் ஏற்றினார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, நானும் போனேன். பாட்டு முடியும்போது பலிபீடத்தின் முன்னால் சிமெண்டுத் தூசியில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அக்கா கடைசி மூடை வரைக்கும் இறங்கவில்லை.

மழை முந்திக்கொண்டுதான் பெய்தது. இரண்டு மழைக்கு நடுவில் வானம் வெறித்த ஒரு சனிக்கிழமை கான்கிரீட் போட்டோம். கையிலிருந்து கைக்குச் சட்டி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நின்று சட்டியை வாங்கிக் கொடுத்த மூத்தவள், கடைக்கு லீவு போட்டிருந்தாள். ஜெபம் பண்ணி வீட்டைத் திறக்கும் பிரதிஷ்டை அன்று தலைவரும் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று காபி குடித்தார். முகப்புச் சுவரில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தார்.

“உள்ள வாங்க அண்ணாச்சி, வந்து படுத்துப் பாருங்க” என்றாள் அக்கா.

“இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஐந்தாவது வீட்டுக்கு அவர் கடையிலிருந்து சிமெண்டு வந்தது. கல் வரவில்லை. அதைப் பற்றி அக்காவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஒன்பது வருஷத்தில் பதினோரு வீடு. எதிலும் யார் பெயரும் இல்லை.

போன மாசம் சுவாசக் கோளாறில் அக்கா போய்விட்டாள். முப்பது வருஷத்து சிமெண்டுத் தூசி என்றார் டாக்டர். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் தலைவர்தான் சத்தமாக அழுதார். கல் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சை எடுத்ததும் அவர்தான். பிரியத்தில் சொன்னது, எனக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு அங்கேயே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. பன்னிரண்டாவது வீடு. குருவிகுளம் ரோட்டில், கட்டட வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு. சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்து எல்லோரும் நின்றோம். ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் படுக்கிற நேரம் அது.

தலைவர் குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “என்னவே செக்ரட்டரி, வாசகம் எங்க? கல்லு வெட்டுதவன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

நான் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். நல்ல தாள்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

“அவ பேருகூடவா எழுத வரல ஒமக்கு?”

“எழுத மாட்டேன் அண்ணாச்சி.”

துண்டை உதறிக் கோட்டுக்குள் விரித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, வெளுத்த வேஷ்டி. ஒவ்வொரு கையாக ஊன்றி மல்லாக்கப் படுத்தேன். முதுகில் கல் குத்தியது. வானம் வெளிறிக் கிடந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்தது இதைத்தானா என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. காலை நீட்டினேன்.

“அண்ணாச்சி, கால் வெளிய போவுது. கல்லு இருக்கட்டும். இந்தக் கோட்டுக்குள்ள நீங்க குடியிருப்பீகளா?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என் காலைப் பார்த்தார். குதிகால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அரையடி கிடந்தது. வெற்றுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு செருப்புக் காலால் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அழித்தார்.